ஏரிக்கரையில் சேர்ந்த கைகள்



பொத்தேரியில் மின்சார ரயில் ஏறி வடக்கே தாம்பரம் போனால், சிட்லபாக்கம் பக்கந்தான். 2019 கோடையில் சென்னையே குடத்தோடு தெருவில் நின்றது நினைவிருக்கும். அப்போது வறண்டு கிடந்த சிட்லபாக்கம் ஏரிக்குள் அந்த ஊர் மக்களே இறங்கினார்கள். மண்வெட்டியும் கூடையுமாகக் குப்பையை வாரினார்கள், ஆகாயத்தாமரையைப் பிடுங்கினார்கள். அந்த ஆண்டே ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் தருவதாக அரசு அறிவித்தது.

சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் தண்ணீர் சேலையூரைத் தாண்டிச் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை என்று ஏரி ஏரியாய் இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும். ஆக, மேலே ஓர் ஊர் கழிவுநீரைக் கலந்தால் கீழே இருக்கிற அத்தனை ஊருக்கும் பாதிப்பு.

அதனால் செம்பாக்கத்தில் பலர் கைகோத்தார்கள். நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள், சென்னை ஐஐடி மூன்றும் அரசின் ஒப்புதலோடு ஏரியை மீட்கும் பணியில் சேர்ந்தன. ஒருவரிடம் நிதி, ஒருவரிடம் ஆய்வு, ஒருவரிடம் அதிகாரம். ஊர் மக்களிடம் இருப்பது தினமும் பார்க்கிற கண். இதில் எது குறைந்தாலும் வேலை நின்றுவிடும்.

நம் முன்னோர் குடிமராமத்து என்று ஊர்கூடி நீர்நிலைகளைப் பராமரித்ததும் இப்படித்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் போய் வாருங்கள். தண்ணீர் வரும் கால்வாய் அடைபட்டிருந்தால், பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு மனு கொடுங்கள்.