செப்புக் காசும் செத்த வயல்களும்



நோய்க்கும் நாணயத்துக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உறவு உண்டு. அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அதனை எடுத்துரைத்தவர், எகிப்து நாட்டு வரலாற்றாசிரியர் அல்-மக்ரீசி.

மம்லூக் சுல்தான்கள் அந்நாட்டை ஆண்ட காலம் அது. அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டு, போர்வீரர்களாக வளர்க்கப்பட்டு, பின்னர் அரியணை ஏறியவர்கள் அவர்கள். அவர்களுள் ஒருவரான கலாவூன், 1284-85ஆம் ஆண்டில் கெய்ரோ நகரில் மருத்துவமனை ஒன்றை எழுப்பினார். ஏழை, செல்வர், ஆண், பெண் அனைவருக்கும் அதன் கதவு திறந்திருந்தது. அறத்துக்கென எழுதி வைத்த வக்ஃபு சொத்துகளின் வருவாய் அதனை நடத்திற்று. பணம் அறவழி நடந்தால் நோய்க்கு மருந்தாகும் என்பதற்கு அது சான்று!

1347ஆம் ஆண்டு, கடல் வழியே அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில் வந்திறங்கியது கொள்ளைநோய். எலியும் தெள்ளுப்பூச்சியும் சுமந்து வந்த பிளேக்! மறு ஆண்டு கெய்ரோ பிணக்காடாயிற்று. தமாஸ்கஸ் நகர மக்கள் என்ன செய்தனர்? முஸ்லிம்கள் குர்ஆனை ஏந்தினர். யூதர்கள் தோராவை ஏந்தினர். கிறித்தவர்கள் நற்செய்தி நூலை ஏந்தினர். அனைவரும் வீதியில் திரண்டு நடந்தனர். நேரில் கண்டு சொன்னவர் உலகம் சுற்றிய இப்னு பதூதா. தூனிஸ் நகரிலே பெற்றோரை அந்நோய்க்குப் பறிகொடுத்த இளைஞர்தான், பின்னாளில் பேரறிஞராய் விளங்கிய இப்னு கல்தூன்.

சாவு பேதம் பார்க்கவில்லை. சாவுக்குப் பின் வந்த ஆட்சி முறை பேதம் பார்க்காமல் இருந்ததா? அதுதான் கேள்வி!

எகிப்தின் உயிர் நைல் நதி. ஆண்டுதோறும் வெள்ளம் வரும்; ஆண்டுதோறும் கரை கட்ட வேண்டும், கால்வாய் தூர்வார வேண்டும். அதற்குக் கைகள் வேண்டும். அந்தக் கைகளோ புதைகுழியில்! நிலத்தின் வருவாய் யாருக்கு? ‘இக்தா’ என்ற பெயரால் படைத்தலைவர்களுக்கு. நிலம் மகனுக்குச் சேரப் போவதில்லை. எனவே கரையைக் காக்கும் கவலை அவர்களுக்கு இல்லை. உழுபவர் குறைந்தனர், ஒருவன் தலையில் ஏறிய சுமை கூடிற்று. ஊரை விட்டு ஓடினான் உழவன். நோயோ மீண்டும் மீண்டும் வந்தது.

அடுத்து வந்தது காசு நோய். தினார் பொன், திர்ஹம் வெள்ளி, ஃபுலூஸ் செம்பு. 1399 வரை ஆண்ட சுல்தான் பர்கூக் காலத்தில் வெள்ளி மறைந்தது, செப்புக் காசு பெருகிற்று. 1403இல் நைல் பொய்த்தது. பஞ்சமும் பிணியும் கைகோத்து வந்தன.

கெய்ரோவின் சந்தைக் கண்காணிப்பாளராக இருந்தவர் மக்ரீசி. நதியைக் குறை சொல்லி அவர் நிறுத்திக் கொள்ளவில்லை. 1405இல் எழுதிய சிறு நூலில் மூன்று காரணங்களைச் சொன்னார். பதவிகள் லஞ்சத்துக்கு விற்கப்பட்டன. நிலக் குத்தகை ஏற்றப்பட்டது. செப்புக் காசு நாட்டை நிரப்பியது.

கடன் வாங்கிப் பதவி வாங்கியவன், கடனை எங்கே தீர்ப்பான்? உழவன் களத்துமேட்டிலே! உழவன் ஓடினால் நெல்லேது, கோதுமையேது? விலை ஏறும். கையிலிருக்கும் காசோ செம்பு. அதன் மதிப்பு இறங்கும். பசித்த உடலில் பிணி குடியேறும். ஒரே சங்கிலி, தோழர்களே!

பொன்னுக்கும் வெள்ளிக்கும் திரும்புக என்றார் அவர். வெள்ளியே அரிதாகிவிட்ட காலத்தில் அந்த மருந்து எளிதன்று. ஆனால், நோயின் வேரைச் சரியாகத் தொட்டார். நதி குறைவது இயற்கை. வெறுங்கையும் காலி வயிறுமாக மக்களை அதன்முன் நிறுத்துவது ஆட்சி.

ஆகவே பஞ்சம் வந்தால் வானத்தைப் பார்ப்பதோடு நில்லாதீர்! கரைக்கென ஒதுக்கிய பணம் எங்கே, பதவிக்குக் கொடுத்த விலை என்ன என்று கேளுங்கள். அந்தக் கணக்கைக் கேட்கும் மக்களிருக்கும் நாட்டில், நோய் வரலாம். ஆனால் அது நாட்டையே விழுங்கிவிட முடியாது!