ஒரு டாலர்

எனக்கு முன்னால் பேசிய நண்பர், "ஹவாய் மக்கள் ஆசைப்பட்டுத்தான் அமெரிக்காவில் சேர்ந்தார்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். எழுதிக்கொண்டு வந்ததை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இதற்குப் பதில் சொல்லாமல் எனக்கு வேறு பேச்சு வராது.

ஆசைப்பட்டா? 1893 ஜனவரி 16. ஹொனலுலு துறைமுகத்தில் நின்ற பாஸ்டன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து 162 பேர் துப்பாக்கியோடு கரையிறங்கினார்கள். மறுநாளே ஹவாய் அரசி லிலியுவோகலானியின் ஆட்சி போயிற்று. பெண் கேட்டு வருகிறவன் துப்பாக்கியோடா வருவான்? இது போர்ச் செயல் என்று அமெரிக்க அதிபர் கிளீவ்லண்டே அந்த வருஷ டிசம்பரில் தன் நாடாளுமன்றத்துக்கு எழுதினார். நண்பருக்கு மட்டும் தெரியவில்லை!

நாகரிகம் கற்றுத்தரப் போனார்களாம். அந்த அரசியின் இயோலானி அரண்மனையில் மின்விளக்கு எரிந்தபோது வெள்ளை மாளிகையில் மின்விளக்கே கிடையாது, அய்யா!

1897-இல் இணைப்பு வேண்டாம் என்று 21,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். பூர்வகுடிகள் மொத்தமே சுமார் 40,000. கைக்குழந்தைகளைக் கழித்துப் பாருங்கள். இணைப்பு ஒப்பந்தத்துக்கு அமெரிக்க மேலவையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேறவில்லை. உடனே 1898-இல் சாதாரணப் பெரும்பான்மையே போதுமான ஒரு தீர்மானத்தைப் போட்டு இணைத்துக்கொண்டார்கள். கதவு திறக்காவிட்டால் கூரையைப் பிரித்து இறங்குகிறவனுக்கு நம் ஊரில் என்ன பெயர்?

அதைக்கூட விடுங்கள். ஒரு டாலர்! ஹவாயின் பெரிய தீவில் பொஹாகுலோவா என்ற இடம். அந்த மக்களின் அரசு நிலம், சுமார் 23,000 ஏக்கர். 1964-இல் அமெரிக்க ராணுவத்துக்கு 65 வருஷக் குத்தகை. வாடகை ஒரு டாலர். வருஷத்துக்கு அல்ல, 65 வருஷத்துக்கும் சேர்த்து ஒரு டாலர்! எதற்கு? குண்டு போட்டுப் பழக.

அதே மண்ணில் ஹவாய்க்காரர் வீட்டுமனை கேட்டால், உடம்பில் பாதி ஹவாய் ரத்தம் என்று காகிதம் காட்டு என்கிறது 1921-இல் வந்த சட்டம். காட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். பட்டியலில் பெயர் இருக்கும்போதே செத்துப்போனவர்கள் உண்டு. பீரங்கியிடம் யார் ரத்தம் கேட்டார்கள்? ஒரு டாலர் நீட்டியதும் மலையடிவாரத்தையே எழுதிக் கொடுத்தார்களே!

1993-இல் மன்னிப்புத் தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானத்தால் நிலம் ஒரு சென்ட் திரும்பியதா? அந்த ஒரு டாலர் குத்தகை 2029-இல் முடிகிறது. ராணுவம் இன்னும் வேண்டும் என்கிறது.

நண்பரே, எழுந்து வாருங்கள். 'ஆசைப்பட்டு' என்ற சொல்லை, சொன்ன இடத்திலேயே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். நான் தள்ளி நிற்கிறேன். இதோ மைக்.