வாங்குவோர் செலுத்தும் வரி

(தோட்ட மண்டபக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



வரி என்பது கூடுதலான சம்பளம் பெறுவோருக்கு உரியது, நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நம்மில் பலர் எண்ணுவதுண்டு. வருமான வரியைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பெரும்பாலும் சரியே. ஆயினும் சம்பள நாளன்று கடைக்குச் சென்று பொருள் வாங்கும் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு வகையில் வரி செலுத்துகின்றோம். இதற்கு நுகர்வு வரி என்று பெயர். வரியை அரசாங்கத்திடம் கொண்டுபோய்க் கட்டுபவர் தொழிற்சாலைக்காரராகவோ வணிகராகவோ இருக்கலாம். அதன் சுமை இறுதியில் வாங்குபவரையே வந்தடைகின்றது.

இவ்வரியை உலக நாடுகள் இரு முறைகளில் வசூலிக்கின்றன. நமக்கு நன்கு தெரிந்த ஒரு பொருளைக் கொண்டே இதனை விளக்குவோம். ரப்பர் விற்பவர் ஒரு சோடிச் செருப்புக்கு வேண்டிய ரப்பரை 2 வெள்ளிக்கு விற்கின்றார். தொழிற்சாலை அதனைச் செருப்பாக்கி 5 வெள்ளிக்குக் கடைக்காரரிடம் தருகின்றது. கடைக்காரர் 8 வெள்ளிக்கு நம்மிடம் விற்கின்றார். கணக்குக்காக வரி 10 விழுக்காடு என வைத்துக்கொள்வோம்.

முதல் முறை ஒரே கட்ட வரி. தொழிற்சாலையின் விலையான 5 வெள்ளிக்கு 50 காசு வரி, அத்துடன் முடிந்தது. கடைக்காரர் அதனைத் தம் அடக்க விலையில் சேர்த்துக்கொள்வதால் நமது ரசீதில் வரி என்ற சொல்லே இராது.

இரண்டாவது முறை பல கட்ட வரி. ரப்பர் விற்பவர் 20 காசு கட்டுகின்றார். தொழிற்சாலை 50 காசு வசூலித்து, தான் முன்பே கொடுத்த 20 காசைக் கழித்து 30 காசு கட்டுகின்றது. கடைக்காரர் நம்மிடம் 80 காசு வாங்கி, 50 காசைக் கழித்து 30 காசு கட்டுகின்றார். மூன்றையும் கூட்டினால் 80 காசு. அந்த 80 காசும் நமது பையிலிருந்தே செல்கின்றது. முன்பு கொடுத்த வரியைக் கழிக்க வேண்டுமானால் ரசீது வேண்டும். ஆதலால் ஒவ்வொரு வணிகரும் மற்றவரிடம் ரசீது கேட்பார். வரி ஏய்ப்பு கடினமாகின்றது. இம்முறையை 1954ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாடு தொடங்கியது. அதனை வகுத்தவர் மோரிஸ் லோரே என்னும் அதிகாரி. பிரிட்டன் 1973லும், சிங்கப்பூர் 1994லும், இந்தியா 2017லும் இவ்வழியில் வந்தன.

நம் மலேசியா இரு முறைகளையும் கண்ட நாடு. 1972இல் விற்பனை வரியும் 1975இல் சேவை வரியும் சட்டமாயின. 2015 ஏப்ரல் முதல் நாள் அவற்றுக்கு மாற்றாக 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி வந்தது. 2018 ஜூனில் அது சுழியமாக்கப்பட்டு, செப்டம்பரில் விற்பனை வரியும் சேவை வரியும் மீண்டும் நடப்புக்கு வந்தன.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் கூற வேண்டும். அனைவருக்கும் விழுக்காடு ஒன்றாயினும் சுமை ஒன்றாகாது. மாதம் 2,000 வெள்ளி பெறும் குடும்பம் 1,800 வெள்ளிக்குப் பொருள் வாங்கினால், 6 விழுக்காட்டில் வரி 108 வெள்ளி. அது வருமானத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல். 10,000 வெள்ளி பெறும் குடும்பம் 5,000 வெள்ளிக்கு வாங்கினால் வரி 300 வெள்ளி. வருமானத்தில் 3 விழுக்காடே. குறைந்த வருமானத்தில் பெரும்பகுதி செலவாகிவிடுவதே இதற்குக் காரணம்.

இக்குறையைப் போக்க நாடுகள் வெவ்வேறு வழிகளை நாடியுள்ளன. பிரிட்டனில் பெரும்பாலான உணவுப் பொருள்களுக்கும் சிறுவர் உடைகளுக்கும் வரி சுழியம். ஜப்பான் 2019இல் வரியை 10 விழுக்காடாக உயர்த்தியபோது உணவுப் பொருளுக்கு 8 விழுக்காடாகவே விட்டுவைத்தது. சிங்கப்பூர் உணவுக்கும் வரி விதித்து, குறைந்த வருமானம் பெறுவோருக்கு ரொக்கமாகவும் பற்றுச்சீட்டாகவும் உதவி அளிக்கின்றது. நம் நாட்டில் அரிசி, சமையல் எண்ணெய், கோழி, மீன் போன்ற அடிப்படைப் பொருள்களுக்கு விற்பனை வரி இல்லை.

ஆகவே நாம் மனத்திற்கொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, விற்பனை வரியைக் கட்டுபவர்கள் பெரும்பாலும் பதிவு பெற்ற உற்பத்தியாளரும் இறக்குமதியாளருமே. மளிகைக் கடைக்காரர் ரசீதின் அடியில் விற்பனை வரி என்று தனியே கூட்டுவாராயின், அதற்கு விளக்கம் கேளுங்கள்.

இரண்டாவது, உணவகங்களில் சேவை வரி 6 விழுக்காடு. பன்னிரண்டு மாத விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டும் உணவகங்களே இதற்குப் பதிவு செய்ய வேண்டும். சிறிய ஒட்டுக்கடை இதனை வசூலிக்க இடமில்லை. பதிவு பெற்ற கடையின் ரசீதில் பதிவெண் இருக்கும். அதனைச் சுங்கத்துறையின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். கைப்பேசி பழகிய நம் பிள்ளைகள் நொடியில் பார்த்துச் சொல்வார்கள்.

மூன்றாவது, சேவைக் கட்டணம் வேறு, சேவை வரி வேறு. சில உணவகங்கள் 10 விழுக்காடு வாங்கும் சேவைக் கட்டணம் அரசாங்கத்தைச் சேர்வதன்று. அது கடையின் வருமானம்.

ரசீதைப் படிக்காமல் கசக்கி எறியும் வழக்கத்தை இன்றோடு விடுவோம். அதனை வாங்கிப் படிப்போம், ஐயமிருப்பின் கேட்போம். வரி செலுத்துபவர் நாம். ஆதலால் கேட்கும் உரிமையும் நம்முடையதே.