தேன் எடுக்கும் பருவமும் அளவும்
(திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பகுதியின் தேனீ வளர்ப்போருக்கான சொற்பொழிவு)



தேனீப் பெட்டி வைத்திருப்போர் யாவரும் கேட்பது, "வருஷத்திற்கு எத்தனை தடவை தேன் எடுக்கலாம்?" என்பதே. இதற்கு விடை பஞ்சாங்கத்தில் இல்லை, பெட்டிக்குள் இருக்கிறது.

மலரிலிருந்து தேனீ கொணரும் மதுவில் பெரும்பகுதி நீரே. ஈக்கள் அதனை அடையில் இட்டு, சிறகால் விசிறி வற்றச் செய்து, பக்குவமானதும் மெழுகால் மூடுகின்றன. மூடாத தேனை எடுத்தால் விரைவில் நுரைத்துப் புளிக்கும். தேனில் நீர் நூற்றுக்கு 20 பங்கிற்கு மேற்படலாகாது என்பது உணவுத் தர விதி. ஆகையால் சட்டத்தின் நான்கில் மூன்று பங்கு மூடப்பட்ட பின்னரே அதனை எடுத்தல் வேண்டும்.

எத்தனை தடவை என்பது பூக்களைப் பொறுத்தது. மார்த்தாண்டத்தில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, இளந்தளிர்களில் மது சுரக்கிறது. அங்கே பல தடவை எடுக்கிறார்கள். நம் பக்கத்தில் ரப்பர்த் தோட்டம் இல்லை. தை, மாசியில் மாவும், சித்திரையை ஒட்டி வேம்பும் புங்கமும் பூக்கின்றன. தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் ஆலைகளும் சாலைகளும் நிலத்தை அடைத்திருப்பதால் பூ இன்னும் குறைவு. தோப்பு நடுவில் பெட்டி வைத்தவரின் கணக்கு, ஆலைச் சுவரோரம் வைத்தவருக்குப் பொருந்தாது.

பூக்காலத்தில் வாரம் ஒருமுறை மேல் மூடியைத் திறந்து பாருங்கள். மழையில்லாத நாளில், சிறிது புகை காட்டி, ஈக்களை மெல்லத் துடைத்துவிட்டுச் சட்டத்தை எடுங்கள். வெந்நீரில் தோய்த்துத் துடைத்த கத்தியால் மெழுகு மூடியைச் சீவி, தேன் பிழியும் கருவியில் சுற்றுங்கள். அடை சிதையாதாகையால் அதனையே மீண்டும் வைக்கலாம். புது அடை கட்டும் உழைப்பு ஈக்களுக்கு மிச்சம்.

திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் அமைத்த பெட்டியில் கீழே புழு அறையும் மேலே தேன் அறையும் உண்டு. அவர் 1911 முதல் 1917 வரை கிராமத்தாருக்கு இத்தொழிலைப் பயிற்றுவித்தவர். மேல் அறைத் தேனே நமக்குரியது. கீழ் அறையில் கை வைத்தல் கூடாது. அதிலுள்ளது புழுக்களும் அவற்றின் உணவுமே.

பூ குறையத் தொடங்கியதும் எடுப்பதை நிறுத்திவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈக்கள் வெளியே செல்ல இயலாது. உணவற்ற இந்தியத் தேனீ பெட்டியைத் துறந்து பறந்துவிடும். ஒரு படி தேனுக்கு ஆசைப்பட்டவர் குடும்பம் முழுவதையும் இழப்பார். இருப்புக் குறைந்தால் சர்க்கரையும் நீரும் சம பங்காகக் கலந்த பாகை மாலையில் வையுங்கள். தேன் சேரும் காலத்தில் பாகு வைத்தால் அது தேனுடன் கலந்து, தேனின் பெயரையே கெடுக்கும்.

எந்தப் பூ எந்நாளில் மலர்ந்தது, எத்தனை சட்டம் எடுத்தோம் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். மூன்று வருஷத்தில் உங்கள் ஊருக்கேற்ற அட்டவணை கிடைத்துவிடும். கன்றுக்கு விட்டுக் கறப்பவனுக்கே பசு நிலைக்கும்; தேனீயும் அத்தகையதே.