புயலுக்கு முன்னும் பின்னும் பஞ்சாயத்தின் பணிகள்

(கடலோர வட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புயலின் கொடுமையை உங்களுக்கு நான் எடுத்துக்கூற வேண்டியதில்லை. நாகப்பட்டினம் முதல் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வரையிலுள்ள கரையோரத்தில் வாழும் நீங்கள் அதைக் கண்ணால் கண்டவர்கள். அதற்கு வீட்டையும் தோப்பையும் பறிகொடுத்தவர்கள். ஆகையால், புயல் என்றால் என்ன என்பதைப்பற்றி அல்லாமல், அது வருமுன் ஒரு பஞ்சாயத்து என்ன செய்து வைத்திருக்க வேண்டும், வந்து போனபின் எதை முதலில் செய்ய வேண்டும் என்பதைப்பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1952ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒரு பெரும்புயல் நாகப்பட்டினத்தைத் தாக்கிற்று. 1977ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மற்றொன்று அதே கரையில் ஏறிற்று. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், நள்ளிரவு கழிந்தபின், ‘கஜா’ புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. தனுஷ்கோடியை அழித்த 1964ஆம் ஆண்டுப் புயலும், கடலூரைச் சூறையாடிய 2011ஆம் ஆண்டு ‘தானே’ புயலும் டிசம்பர்க் கடைசியில் வந்தவை. எந்த ஆண்டில் புயல் வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களில்தான் நம் கரைக்குப் பெரும்பாலும் ஆபத்து என்பதை நாம் அறிவோம். விதைக்கும் பருவம் தெரிந்த விவசாயி விதைநெல்லை முன்பே தேடி வைப்பதுபோல, புயல் பருவம் தெரிந்த பஞ்சாயத்தும் புரட்டாசி முடிவதற்குள் தன் வேலைகளை முடித்துவிட வேண்டும்.

உயிரைக் காக்கும் முறையில் நம் நாடு வெகுவாக முன்னேறியிருக்கிறது. 1999ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அதே மாநிலத்தை 2013ஆம் ஆண்டு ‘பைலின்’ புயல் தாக்கியபோது, முன்கூட்டியே சுமார் 10 இலட்சம் பேரை அப்புறப்படுத்தியதால் உயிர்ச்சேதம் நூற்றுக்கும் குறைவாக நின்றது. கஜா புயலின்போது நம் மாவட்டங்களிலும் 80,000க்கு மேற்பட்டவர்கள் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். எச்சரிக்கை கேட்டவுடன் புறப்படும் பழக்கம் நம் மக்களுக்கு வந்துவிட்டது.

ஆனால் முகாமிலிருந்து திரும்பி வந்த குடும்பம் எதைக் கண்டது? ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் இருந்தன. இருளைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தாகத்தைப் பொறுக்க முடியுமா? மின்சாரம் இல்லாததால் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடவில்லை. மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டியில் நீர் ஏறவில்லை. தொட்டி வறண்டதால் தெருக்குழாயில் நீர் வரவில்லை. சாலையில் மரங்கள் விழுந்து கிடந்ததால் தண்ணீர் லாரியும் ஊருக்குள் நுழைய முடியவில்லை. புயல் அடித்தது சில மணி நேரம். அதன் பின் வந்த துன்பமோ பல வாரங்கள் நீடித்தது. இப்பின்விளைவைத் தடுப்பது பெரிதும் பஞ்சாயத்தின் கையில் உள்ள காரியம் என்பதே நான் வலியுறுத்த விரும்பும் கருத்து.

முதலாவது, குடிநீர். 30,000 லிட்டர் கொள்ளும் ஒரு மேல்நிலைத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். நெருக்கடிக் காலத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்று மிகச் சிக்கனமாக வைத்துக்கொண்டாலும், 2,000 பேருள்ள ஊருக்கு அத்தொட்டி ஒரே நாளைக்குத்தான் காணும். மின்சாரம் 20 நாள் வராவிட்டால் 20 தடவை நிரப்பியாக வேண்டும். எனவே ஜெனரேட்டர் எங்கிருந்து வரும், யார் கொண்டுவருவார், வாடகை என்ன, டீசல் எங்கே இருப்பு வைப்பது என்பவற்றைப் புயல் பருவத்துக்கு முன்னரே எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். புயல் அடித்த மறுநாள் எல்லா ஊர்களும் ஜெனரேட்டரைத் தேடும். அன்று கேட்டால் கிடைக்காது. மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைவிடப் பன்மடங்கு மின்சாரம் இழுக்கும். ஆகையால் எத்தனை சக்தியுள்ள ஜெனரேட்டர் வேண்டும் என்பதை ஊராட்சி ஒன்றியப் பொறியாளரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒருமுறை ஓட்டியும் பார்த்துவிட வேண்டும். பம்பு அறையில் மாற்று ஸ்விட்சு பொருத்துவதும் அவசியம். இன்றேல் ஜெனரேட்டர் மின்சாரம் வெளிக்கம்பியில் பாய்ந்து, அதைச் செப்பனிடும் தொழிலாளியின் உயிரைக் குடித்துவிடும்.

கைப்பம்புகளை மறந்துவிடாதீர்கள். மோட்டார் வந்தபின் பல ஊர்களில் அவை துருப்பிடித்து நிற்கின்றன. கைப்பம்புக்கு மின்சாரம் தேவையில்லை. சிறு செலவில் மராமத்து செய்து வைத்தால், புயலுக்கு அடுத்த நாள் காலையில் அதுவே ஊரைக் காக்கும்.

இரண்டாவது, மரங்களும் கம்பிகளும். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர்க் காற்றைத் தாங்கிய கிளை, 120 கிலோமீட்டர்க் காற்றில் நான்கு மடங்கு சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. மின்கம்பிகளின் மேல் கவிந்துள்ள கிளைகளையும், பள்ளிக்கூடம், அங்கன்வாடி ஆகியவற்றின் அருகிலுள்ள பட்ட மரங்களையும் மின்வாரியத்தாரின் துணையோடு முன்பே அகற்றுங்கள். சாய்ந்த கம்பங்களையும் தளர்ந்த இழுகம்பிகளையும் பட்டியலிட்டு மின்வாரிய அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். ஒவ்வொரு குக்கிராமத்திலும் ஒரு மரமறுக்கும் இயந்திரம், கோடரி, கடப்பாரை, வடக்கயிறு இவை இருக்க வேண்டும்; அவற்றைக் கையாளத் தெரிந்த பத்து இளைஞர்களின் பெயர்ப்பட்டியலும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, வடிகால்கள். காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்த வாய்க்கால் மழை நீரை வயலிலேயே தேக்கிவிடும். தூர் எடுக்கும் வேலையை ஐப்பசி மழைக்கு விட்டுவைத்தால் பயனில்லை.

நான்காவது, கட்டடங்கள். முகாமாகப் பயன்படும் பள்ளிக்கூடத்தின் கதவு, சன்னல் தாழ்ப்பாள்கள், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைச் சோதியுங்கள். தகரக் கூரையும் சிமெண்டுத் தகட்டுக் கூரையும் உள்ள வீடுகளில் கொக்கி ஆணிகள் துருப்பிடிக்காமல் இறுகியிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். காற்று கூரையின் ஓரத்தைத்தான் முதலில் தூக்கும். கூரை வீட்டின்மீது பழைய மீன்வலையை விரித்துத் தரையில் முளையடித்துக் கட்டினால், கீற்று பறப்பது வெகுவாகக் குறையும்.

ஐந்தாவது, பதிவுகள். இதைப் பலர் வேலையாகவே கருதுவதில்லை. ஆனால் நிவாரணம் உரியவர்களுக்குச் சேருவது இதைப் பொறுத்தது. ஒவ்வொரு வீட்டையும், தோப்பையும், கால்நடைகளையும் இப்போதே கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். குத்தகைக்குப் பயிரிடுபவர் பெயர் சிட்டாவில் இராது. ஆதலால் சேதம் அவருடையதாகவும் பணம் வேறொருவருடையதாகவும் போய்விடக்கூடும். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குத்தகை உரிமையைப் பதிவு செய்துகொள்ள வழி உண்டு. அது முடியாதவரும் சாகுபடிச் சான்று, காப்பீட்டு ரசீது முதலியவற்றையாவது தம் பெயரில் பெற்று வைக்கும்படி பஞ்சாயத்து உதவ வேண்டும்.

இனி, எச்சரிக்கை வந்தபின் செய்யவேண்டியவை. வானிலைத் துறையார் புயல் கரைக்கு வர ஏறத்தாழ 48 மணி நேரம் இருக்கும்போது மஞ்சள் நிறத்திலும், 24 மணி நேரம் இருக்கும்போது ஆரஞ்சு நிறத்திலும், 12 மணி நேரம் இருக்கும்போது சிவப்பு நிறத்திலும் அறிவிப்புகள் விடுக்கிறார்கள். துறைமுகத்தில் ஏற்றப்படும் கூண்டு எண், கப்பல்களுக்காக ஏற்பட்டது. ஊர் மக்கள் மேற்சொன்ன அறிவிப்புகளையே கவனிக்க வேண்டும். மஞ்சளில் ஜெனரேட்டரை ஊருக்குள் கொணருங்கள். ஆரஞ்சில் எல்லாத் தொட்டிகளையும் நிரப்பி, முதியோர், கர்ப்பிணிகள், ஊனமுற்றோர் ஆகியோரை முகாமுக்கு அனுப்புங்கள். சிவப்பு வந்தபின் வெளியே யாருக்கும் வேலை இல்லை. மாடுகளைக் கொட்டகையில் கட்டிப்போடாமல் மேட்டு நிலத்தில் அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். புயலின் கண் ஊருக்கு மேலாகக் கடக்கும்போது காற்று திடீரென்று அடங்கும். அதை நம்பி வெளியே வரலாகாது; சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் மீண்டும் அடிக்கும். உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணும், மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070 என்ற எண்ணும் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்கட்டும்.

புயல் கடந்தபின் முதல் வேலை, சாலையைத் திறப்பது. இரண்டாவது வேலை, தொட்டியை நிரப்புவது. அறுந்து கிடக்கும் கம்பியை மின்வாரியத்தார் வந்து சோதிக்கும்வரை யாரும் தொடக்கூடாது. குடிநீரில் 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர் கலப்பது வழக்கமான அளவு. 30,000 லிட்டர்த் தொட்டிக்கு இது 120 கிராம் ஆகும். பவுடர் பழையதாயின் அதன் வீரியம் குறைந்திருக்கும். ஆகவே கடைசித் தெருக்குழாயில் வரும் நீரிலும் குளோரின் இருக்கிறதா என்று கருவிகொண்டு பார்க்க வேண்டும். ஊரின் கடைக்கோடியிலுள்ள குடியிருப்புக்கு நீர் போய்ச் சேர்ந்ததா என்பதே பஞ்சாயத்தின் நேர்மைக்கு அளவுகோல். தலைவர் வீட்டுத் தெருவில் நீர் வந்துவிட்டது என்பதால் வேலை முடிந்துவிடாது.

விவசாயிகளுக்குச் சில சொற்கள். சம்பாப் பயிர் மூழ்கியிருந்தால் முதலில் நீரை வடியுங்கள். பிறகு வேளாண்மை அலுவலரின் யோசனைப்படி மேலுரம் இடுங்கள். கடல் நீர் புகுந்த வயலைக் காயவிட்டால் உப்பு மேலே பூத்துவிடும். வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கிப் பலமுறை வடித்துவிட வேண்டும். மண்ணைச் சோதித்து, தேவையானால் ஜிப்சம் இட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நாகை மாவட்ட நிலங்கள் இம்முறையில் திருந்தியதை நீங்கள் அறிவீர்கள். சாய்ந்த தென்னைகளைத் தோப்பிலேயே மக்கவிடாதீர்கள். அழுகும் அடிமரத்தில் காண்டாமிருக வண்டு பெருகி, நிற்கும் மரத்தையும் அழிக்கும். புதிதாக நடும்போது முழு நிலத்தையும் தென்னைக்கே விடாமல், காற்று வரும் ஓரங்களில் பனையும் சவுக்கும் நடுங்கள். பயிர்க் காப்பீடு செய்தவர்கள், தனி வயலுக்கு நேர்ந்த வெள்ளச் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இறந்த கால்நடைகளைப் புதைக்குமுன் கால்நடை மருத்துவரிடம் சான்று பெறவேண்டும்.

சேதப் பட்டியல் தயாரானவுடன் அதைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். விடுபட்ட பெயரை அயலார் சொல்வார்கள். பொய்ப் பெயரையும் அயலாரே சொல்வார்கள். அறைக்குள் எழுதிய பட்டியலால் ஊரில் பகை வளரும். நால்வர் பார்க்க எழுதிய பட்டியலால் அது குறையும்.

இவ்வளவுக்கும் பணம் எங்கே என்று கேட்பீர்கள். நான் சொன்னவற்றில் பாதிக்குப் பணத்தைவிட முன்யோசனையே வேண்டும். ஆகஸ்டு 15ஆம் நாள் கிராம சபையில் இவ்வேலைகளைப் பெயர் குறித்துப் பங்கிட்டுத் தீர்மானம் செய்யுங்கள். அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபையில், ஜெனரேட்டர் வந்து ஓடியதா, கைப்பம்பு இறைத்ததா, வாய்க்கால் திறந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்குகிறது. குறை இருந்தால் திருத்திக்கொள்ள உங்களுக்கு இரண்டு வார காலம் இருக்கும்.

அரசாங்கத்தின் உதவி வரும், வரவேண்டியது முறை. ஆயினும் அது தூரத்திலிருந்து வருகிறபடியால் நாட்கள் ஆகும். அந்த முதல் சில நாட்களில் குழந்தைக்குக் குடிக்க நீர் கொடுப்பதும், நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்பச் சாலையைத் திறந்து வைப்பதும் நம் பொறுப்பு. அப்பொறுப்பை ஒவ்வொரு பஞ்சாயத்தும் இந்தப் புரட்டாசிக்குள் ஏற்று முடிக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.