பழைய மோட்டாருக்கு ஏற்ற எண்ணெய்



தோட்டப்புறங்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. விடியுமுன் பிரட்டுக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளியில் இறக்கவும், கிள்ளான் பட்டணத்தில் சாமான் வாங்கி வரவும் அதுவே துணை. அவற்றுள் பல, தகப்பனார் வாங்கி மகன் கைக்கு வந்த வண்டிகள். ஹோண்டா சி70 போன்ற அந்தப் பழைய வண்டிகளை இன்று பட்டணத்து இளைஞர்கள் தேடி வந்து விலை கேட்கிறார்கள். நாம் வேலைக்கு ஓட்டுவதை அவர்கள் அழகுக்கு ஓட்டுகிறார்கள். இருவருக்கும் ஒரே கேள்விதான்: எஞ்சினுக்கு எந்த எண்ணெய் ஊற்றுவது?

கடையில் கேட்டால், "விலை கூடினதை ஊற்றுங்கள், மோட்டார் நன்றாக ஓடும்" என்பார்கள். விலை கூடின எண்ணெய் கெட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அது புதிய காடிக்காகச் செய்த எண்ணெயாக இருந்தால், பழைய மோட்டாருக்கு உதவுவதைவிடக் கெடுதல் செய்வதே அதிகம். ஏன் என்று பார்ப்போம்.

நம் நாட்டில் "கப்சாய்" என்று சொல்கிறோமே, அது "கப்" என்ற ஹோண்டாவின் பெயரோடு, "சிறியது" என்று பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து வந்த பெயர். சூப்பர் கப் என்ற இந்த வண்டி 1958ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்தது. 2017ஆம் ஆண்டுக்குள் 10 கோடி வண்டிகள் செய்யப்பட்டுவிட்டன. இவ்வளவு பேர் கையில் புழங்கியும், அதன் வயிற்றில் உள்ள எண்ணெய் எத்தனை வேலை செய்கிறது என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. அங்கே இருப்பது ஏறக்குறைய முக்கால் லிட்டர்தான். அந்த முக்கால் லிட்டரே பிஸ்டனையும் கேமையும் வழுக்க வைக்கிறது, சூட்டை வாங்குகிறது, கியர்ப் பற்களுக்கு இடையிலும் அதுவே நசுங்குகிறது. கிளச்சுத் தட்டுகளும் அந்த எண்ணெயிலேதான் ஊறிக் கிடக்கின்றன.

இந்தக் கடைசிச் செய்தியைக் கவனிக்க வேண்டும். சாதாரணமான கியர்க் காடியில் கிளச்சு எண்ணெய் படாமல் தனியே இருக்கும். அதனால் காடி எண்ணெய் எவ்வளவு வழுக்கினாலும் நல்லதே. பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக, மேலும் வழுக்க வைக்கும் மருந்துகளைச் சில எண்ணெய்களில் கலக்கிறார்கள். அதே எண்ணெயைக் கப்சாயில் ஊற்றினால் கிளச்சுத் தட்டுகளும் வழுக்கும். கைப்பிடியை முறுக்கினால் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. மேட்டில் குலை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு இது வேடிக்கையாக இராது. தட்டு தேய்ந்துவிட்டது என்று பட்டறையில் புதுத் தட்டு போடுவார்கள். எண்ணெயை மாற்றாவிட்டால் அந்தத் தட்டும் வழுக்கத் தொடங்கும்.

ஆகையால் புட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னால் இன்னும் நல்லது. "ஜாசோ எம்.ஏ." அல்லது "எம்.ஏ.2" என்று இருந்தால், அது கிளச்சு நனையும் மோட்டாருக்கு ஏற்றது என்று பொருள். ஜப்பானியர் இந்த அளவுமுறையை 1998ஆம் ஆண்டில் கொண்டுவந்தார்கள். "எம்.பி." என்று இருந்தால் அது கியர் போடத் தேவையில்லாத ஸ்கூட்டருக்கு உரியது, நமக்கு வேண்டாம். வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் "ரிசோர்ஸ் கன்சர்விங்" அல்லது "எனர்ஜி கன்சர்விங்" என்ற சொற்கள் இருந்தால், அந்தப் புட்டியைக் காடிக்காரருக்கே விட்டுவிடுங்கள்.

இனி எண்களுக்கு வருவோம். 20டபிள்யூ-50 என்று போட்டிருக்கும். இதில் "டபிள்யூ" என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முன்னால் உள்ள எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகி ஓடும் என்பதையும், பின்னால் உள்ள எண் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு தடிப்பு நிற்கும் என்பதையும் காட்டும். பனி பெய்யும் நாட்டில் முன் எண் 0 அல்லது 5 ஆக இருப்பது அவசியம். கிள்ளானில் விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே அந்தக் குளிர் எண்ணுக்காக நாம் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. 10டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40 சி70க்குப் போதும். வளையம் தேய்ந்து இலேசாகப் புகை விடும் வண்டிக்கு 20டபிள்யூ-50 பொருந்தும். ஆனால் தடித்த எண்ணெய் தேய்ந்த எஞ்சினைப் புதிதாக்காது. பழுது பார்க்கும் நாளைத் தள்ளிப்போட உதவும், அவ்வளவே.

பழைய வண்டி எல்லாம் ஒன்று என்றும் எண்ணிவிடக் கூடாது. சென்னை திருவொற்றியூரில் 1956 முதல் செய்யப்பட்ட புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழைய புல்லட்டில் எஞ்சின், கியர்ப் பெட்டி, கிளச்சு மூன்றுக்கும் தனித்தனி அறை. எஞ்சின் எண்ணெய் கிளச்சைத் தொடாது. ஆகவே புல்லட்டுக்காரர் சொல்லும் எண்ணெய் யோசனையைக் கப்சாய்க்காரர் அப்படியே பின்பற்றக் கூடாது.

யமஹா ஆர்.எக்ஸ்.இசட் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் கதை வேறு. அவற்றில் எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து போகிறது. அதற்கென்று டூ-டி எண்ணெய் இருக்கிறது. கியருக்கு வேறு எண்ணெய். அவசரத்துக்குச் சாதாரணக் கறுப்பெண்ணெயை டூ-டி தொட்டியில் ஊற்றினால் அது சுத்தமாக எரியாது. சாம்பலும் கரியும் பிளக்கிலும் புகைக்குழாயிலும் படியும். முன்காலத்துப் பந்தய வண்டிகளுக்கு ஆமணக்கு எண்ணெய்தான் ஊற்றினார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. பாட்டி கொடுத்த விளக்கெண்ணெய்க்கு முகம் சுளித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் அது பிசினாகப் படியும் பொருள். இன்று வீட்டு வண்டியில் முயன்று பார்க்க வேண்டாம்.

எதை ஊற்றுவது என்பதைவிட எப்போது மாற்றுவது என்பதிலேதான் பழைய எஞ்சின்களின் ஆயுள் இருக்கிறது என்பது நம் கருத்து. சி70இல் காகித வடிகட்டி கிடையாது. ஒரு சல்லடையும், சுழன்று அழுக்கை ஒதுக்கும் ஒரு கிண்ணமும் மட்டுமே உண்டு. அதிலும் லயத்திலிருந்து வேலைக்காட்டுக்கு இரண்டு மூன்று மைல் ஓட்டி நிறுத்தினால் எஞ்சின் முழுச் சூடு ஏறுவதில்லை. உள்ளே ஊறும் நீராவி வெளியேறாமல் எண்ணெயில் கலக்கிறது. அளவுக்கோலில் பால்காப்பி நிறம் தெரிந்தால் அதுதான் அடையாளம். ஆகவே சாதாரண எண்ணெயை 1,500 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது, விலை உயர்ந்த எண்ணெயை ஓராண்டு வைத்திருப்பதைவிட மேல். எண்ணெய் கறுத்துவிட்டதே என்று மட்டும் பயப்படாதீர்கள். கறுத்தால் அழுக்கைச் சுமக்கிறது என்று பொருள். பல ஆண்டு கிடப்பில் இருந்த வண்டியானால், புது எண்ணெய் ஊற்றுமுன் சல்லடையையும் கிண்ணத்தையும் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கரைந்து வரும் பழைய கசடு சல்லடையை அடைத்துவிடும்.

அளவு பார்க்கும்போது வண்டியை நேராக நிறுத்தி, அளவுக்கோலைத் திருகாமல் சும்மா நுழைத்துப் பாருங்கள். திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

இறக்கிய எண்ணெயை என்ன செய்வது? லயத்துக் கால்வாயில் ஊற்றுகிறார்கள். கறையானுக்கு மருந்தென்று வேலிக்காலில் பூசுகிறார்கள். கால்வாய் ஆற்றில் சேர்கிறது. ஓடிப் பழகிய எண்ணெய் தோலில் படுவதும் நல்லதல்ல. நெடுநாள் பட்டால் புற்றுநோய்க்கு இடமுண்டு. 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகளில் அது அட்டவணைக் கழிவாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. புது எண்ணெய் வந்த அதே புட்டியில் ஊற்றி, மூடியைத் திருகி, பட்டறைக்காரரிடம் கொடுங்கள். அவர் பீப்பாயில் சேர்த்து வைத்து, எடுத்துச் செல்ல வருகிறவர்களிடம் ஒப்படைப்பார்.