வீடு இல்லாவிட்டாலும் பள்ளி உண்டு



மும்பையில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அங்கே ஒரு மேம்பாலம். அதன் அடியில் சில குடும்பங்கள். தார்ப்பாய்தான் கூரை. ஒரு தாய் கட்டட வேலைக்குப் போகிறவர். அவர் மகளுக்கு ஒன்பது வயது. மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனார்.

“முகவரி என்ன?” என்று கேட்டார்கள்.

“பாலத்துக்கு அடியில்.”

“பிறப்புச் சான்றிதழ்?”

“மழையில் போய்விட்டது.”

“கொண்டுவாருங்கள், பார்க்கலாம்” என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தத் தாய்க்குப் படிக்கத் தெரியாது. எதிர்த்துக் கேட்கவும் தெரியவில்லை. பேசாமல் திரும்பி வந்தார்.

இப்படி எத்தனை பேர்? 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி, நம் நாட்டில் 17 லட்சம் பேருக்கு மேல் வீடில்லாமல் இருந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கல்வி உரிமை உண்டு. வீடு இருந்தால்தான் என்று அதில் இல்லை.

வயதுச் சான்று இல்லை என்று சேர்க்க மறுக்கக் கூடாது.

பள்ளி திறந்து சில மாதம் ஆகிவிட்டது என்றும் மறுக்கக் கூடாது.

வேலை தேடி ஊர் மாறி வந்தீர்களா? பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்க வேண்டும்.

இதுவரை பள்ளிக்கே போகாத பிள்ளையா? அந்த வயதுக்கு உரிய வகுப்பில் சேர்க்க வேண்டும். விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும்.

அந்தப் பெண் என்ன ஆனாள்? பக்கத்துக் கூடாரத்தில் ஓர் அம்மா இருந்தார். நம்மைப் போல முதியோர் வகுப்பில் படித்தவர். அவர் ஒரு தாளில் நாலு வரி எழுதினார். பிள்ளையின் பெயர், வயது, தாயின் பெயர், சேர்க்கக் கோரிக்கை. அவ்வளவுதான். தாய் கைநாட்டு வைத்தார். இருவரும் பள்ளிக்குப் போனார்கள். இந்த முறை மறுக்கவில்லை. இன்று அவள் பாலத்தடியிலிருந்துதான் பள்ளிக்குப் போகிறாள். ஆனால் போகிறாள்!

பள்ளியில் மறுத்தால் என்ன செய்வது? மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியிடம் மனு எழுதிக் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். மனுவின் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் இல்லாமல் தெருவில் தனியே நிற்கும் குழந்தையைப் பார்த்தால் 1098 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை.

நாம் எழுத்துக் கற்றது கையெழுத்துப் போட மட்டும்தானா? நம் தெருவோரத்தில் ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகாமல் இருக்கலாம். அந்தப் பிள்ளைக்காக நாலு வரி எழுதுவோம். கூடவே நடந்து போவோம்.